கீழறையில் ஒரு பச்சைப் பொட்டலம்

சியு பி-ஷியாவின் இடது காதில் ஒரு சில்வண்டு குடியேறி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அதைப் பற்றி அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய வேலையில் அவள் இல்லை.

ஷுலினில், ரயில் தண்டவாளத்தின் பின்புறச் சந்தில், லாய் குன்-ஷானின் பட்டறையில் கணினிப் பெட்டிகள் செய்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் பெயரை ஒட்டி விற்கும் பெட்டிகள். அவற்றிலும் சத்தம் போடாத பெட்டிகளுக்குத்தான் அந்தப் பட்டறை பேர் வாங்கியிருந்தது. தகட்டை வெட்டுவதும் மடிப்பதும் மற்றவர்கள் வேலை. வெறும் கூடாக வந்து சேரும் முதல் மாதிரிக்கு உள்வேலை செய்வது பி-ஷியா. பக்கக் கதவுகளின் உட்புறத்தில் தார் கலந்த கனத்த விரிப்பை ஒட்டுவாள். ஒரு காற்றுக்குமிழ்கூட மிஞ்சாதபடி நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே போவாள். முன்கதவுக்குப் பஞ்சு. வன்வட்டு உட்காரும் தட்டின் நான்கு மூலைகளிலும் ரப்பர் வளையம். வயர் நுழையும் ஓட்டைகளுக்கு ரப்பர் உதடு. எல்லாம் முடிந்ததும் பெட்டியை ஓடவிட்டு, பக்கக் கதவில் காதை ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் நிற்பாள். பிறகு தாளில் 'ஒலி சரி' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடுவாள். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கட்டத்தில் வேறு ஒருவரின் கையெழுத்தும் விழுந்ததில்லை.

கடைசியாக அவள் கையெழுத்துப் போட்ட இரண்டு மாதிரிகளும் ஜெர்மனியிலிருந்து திரும்பி வந்துவிட்டன. இரண்டிலும் ஒரே குறிப்பு: மெல்லிய கீச்சொலி இருக்கிறது. பட்டறையில் மறுபடி ஓடவிட்டபோது முதலாளியம்மாவுக்குக் கேட்டது. வரைபடம் போடும் பொறியாளர் வென் யா-சுன்னுக்குக் கேட்டது. பி-ஷியாவுக்குக் கேட்டதெல்லாம் சில்வண்டு மட்டும்தான்.

"ஆமாமா, கேட்குது. இங்கேர்ந்து அனுப்பினப்ப இல்லையே. ரப்பர் இறுகிப்போயிருக்கும்" என்று சமாளித்தாள். முதலாளி நம்பிவிட்டார். ரப்பர் கொடுக்கிறவரிடம் அன்றைக்கே தொலைபேசியில் சண்டை போட்டார். பி-ஷியா கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள்.

வீட்டிலும் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. துணி துவைக்கும் இயந்திரம் முடிந்தது என்று கூப்பிடுவது அவள் காதில் விழுவதில்லை. "உனக்கென்ன, துணியை அதுக்குள்ளயே ஊறப்போட்டு ஊறுகாயா பண்ணப்போற?" என்று கேட்டான் புருஷன். அவன் காஸ் சிலிண்டர் போடுகிறவன். நாள் முழுக்கப் படியேறிவிட்டு வந்து நாற்காலியிலேயே தூங்கிவிடுவதால் அதற்கு மேல் ஆராயவில்லை. குப்பை வண்டியின் பாட்டு மட்டும் தெருமுனையில் திரும்பும்போதே அவளுக்குக் கேட்டுவிடும். எல்லோருக்கும் முன்பாகப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவாள். அது கேட்கும் வரைக்கும் காது போகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். கனத்த ஒலிகள் நிற்கின்றன, மெல்லியவை மட்டும் போகின்றன என்பது அவளுக்கே தெரியும். அவளுடைய பிழைப்பே மெல்லியவற்றில்தான் இருந்தது.

காது எங்கே போனது என்பதும் தெரியும். பதினேழு வயதில் யுன்லினிலிருந்து வடக்கே வந்து, சான்சோங்கில் ஒரு தகடு அடிக்கும் பட்டறையில் சேர்ந்தாள். அப்போது காதடைப்பு என்ற ஒன்றை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. நாளைக்கு ஒன்பது மணி நேரம், ஒன்பது வருடம், தலைக்கு மேலே இரும்பு இரும்பின்மேல் விழுந்துகொண்டிருந்தது. அங்கிருந்து தப்பித்து லாயின் பட்டறைக்கு வந்தபோது, முதல் நாளே ஒரு பெட்டிக்குள் விசிறியின் திருகு தளர்ந்திருப்பதைக் கேட்டுச் சொன்னாள். லாய் குன்-ஷான் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இவ காதை இனிமே யாரும் திட்டி நிரப்பாதீங்க. எனக்கு வேணும்" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் இத்தனை வருடம் நிமிர்ந்து நடந்தாள்.

இப்போது மூன்றாவது மாதிரி. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, லின்கோவில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஓர் அமைதியறையில் சோதனை. ஜெர்மன் நிறுவனத்தின் ஆள் ஹாக்கே என்பவர் நேரிலேயே வருகிறார்.

"இருபத்தி நாலு டெசிபல். அதுக்குக் கீழ நின்னா ஆர்டர் நமக்கு" என்றார் லாய் புதன்கிழமை மாலை. "மேல போனா ஆத்துக்கு அந்தப்பக்கப் பட்டறைக்குப் போயிடும். நாலாவது மாதிரின்னு ஒண்ணு கிடையாதுன்னு எழுதியே அனுப்பிட்டாங்க. அ-ஷியா, நீ கேட்டியா?" பி-ஷியாவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"கேட்டேன் முதலாளி."

"பெட்டியைக் கேட்டியான்னு கேக்கறேன்."

"அதையும்தான்."

"அப்ப சரி. நான் தூங்கலாம்."

அவர் தூங்கினார். அவள் தூங்கவில்லை.

உண்மையில் அந்தப் பெட்டி அழகாக அமைந்திருந்தது. யா-சுன் எட்டு மாதம் அதனுடன் மல்லுக்கட்டியிருந்தாள். முன்கதவில் ஓட்டை கிடையாது. காற்று கதவின் இரு விளிம்புகளிலும் இருக்கும் ஒடுக்கமான பிளவு வழியே பக்கவாட்டில் நுழைந்து, வளைந்து, பஞ்சைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். காற்று வளையும், ஒலி வளையாது என்பது அவள் கணக்கு. உள்ளே இரண்டு அறைகள். மேலறையில் சூடாகும் பாகங்கள். ஒரு தடுப்புத் தகடு. அதன் கீழே, குனிந்து பார்த்தால்தான் தெரிகிற கீழறையில், மற்ற பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் மின்பெட்டி. மற்றவர்கள் எல்லாம் மின்பெட்டிக்குக் காற்று போக அடித்தகட்டில் ஓட்டை போடுவார்கள். ஒலி அதன் வழியே இறங்கி மேசையில் பட்டுத் திரும்பி வரும். யா-சுன் அடித்தகட்டை முழுசாக மூடிவிட்டாள். மின்பெட்டியின் விசிறியை மேல்நோக்கித் திருப்பி, தடுப்புத் தகட்டில் சீப்புப்பல் மாதிரிப் பிளவுகள் வைத்து, மேலறையிலிருந்து காற்றை இழுக்க வைத்தாள். அந்த விசிறியும் எப்போதும் ஓடாது. மின்பெட்டி சூடானால்தான் ஓடும். சூடாகாது என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். "ஓடாத விசிறிதான்க்கா உலகத்திலேயே நல்ல விசிறி" என்பாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே பி-ஷியா பட்டறைக்கு வந்துவிட்டாள். வாங்கி வந்த சோயாப்பால் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது. மாதிரிப் பெட்டி மேசைமேல் இருந்தது. அதன்மேல், மற்ற எல்லா இயந்திரங்களின்மேலும் இருப்பதுபோலவே, தேங்காய்ச் சுவைச் சோளப்பொரியின் பச்சைப் பொட்டலம் ஒன்று உட்கார்ந்திருந்தது. இயந்திரம் முரண்டு பிடிக்காமல் இருக்க அதை வைப்பார்கள். பச்சைதான் வைக்க வேண்டும். மஞ்சளோ சிவப்போ வைத்தால் வினை. காலாவதித் தேதி தாண்டக் கூடாது. இயந்திரத்தின்மேல் இருக்கும் வரைக்கும் பிரித்துத் தின்னவும் கூடாது. படித்துப் பட்டம் வாங்கிய யா-சுன்கூடத் தன் கணினித் திரைமேல் ஒன்று வைத்திருந்தாள். தேதி முடிவதற்கு ஒரு வாரம் முன்பே புதிது மாற்றிவிடுவாள்.

அமைதியறையின் விதிகளை பி-ஷியா முந்தின நாளே படித்திருந்தாள். சோதிக்கும் பொருளைத் தவிர வேறு எதுவும் உள்ளே போகக் கூடாது. பெட்டியின் மேலும் எதுவும் இருக்கக் கூடாது.

அவள் பக்கக் கதவில் காதை வைத்தாள். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. விசிறியின் கனத்த மூச்சு கேட்டது. அதற்கு மேலே ஏதாவது இருக்கிறதா? சில்வண்டு. வலது காதை வைத்தாள். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பது ஒன்றுமே இல்லாததாலா, தனக்குக் கேட்காததாலா? பெட்டியை நிறுத்தினாள். சில்வண்டு நிற்கவில்லை. யாராவது வந்துவிடுவதற்குள், கதவைக் கழற்றினாள். பச்சைப் பொட்டலங்களில் சின்னதாக ஒன்றைப் பார்த்து எடுத்தாள். தேதியைப் பார்த்தாள், இன்னும் ஐந்து மாதம் இருந்தது. கீழறைக்குள் கையை விட்டு, மின்பெட்டிக்கு முன்னால் காலியாக இருந்த மூலையில் வைத்தாள். கதவை மாட்டினாள். தாளில் கையெழுத்துப் போட்டாள்.

காதை நம்ப முடிந்த காலத்தில் அவள் எந்தப் பெட்டிக்குள்ளும் எதையும் வைத்ததில்லை.

வண்டியை லாய்தான் ஓட்டினார். பெட்டி பின்னால், போர்வைக்குள். லின்கோ மேட்டில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு குழிக்கும் பி-ஷியா திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, அது முட்டை இல்ல" என்றாள் யா-சுன்.

"முட்டைன்னா நான் ஏன் பயப்படறேன். உடைஞ்சா பொரிச்சுத் தின்னுட்டுப் போயிடலாம்."

யா-சுன் சிரித்தாள். அவள் கையில் நகம் ஒன்றுகூட முழுசாக இல்லாததை பி-ஷியா அப்போதுதான் பார்த்தாள்.

ஹாக்கே முன்னதாகவே வந்திருந்தார். உயரமான, மெலிந்த மனிதர். கை கொடுத்தார், குளிர்ந்த கை. அறைக்குக் கதவு ஒரு முழம் தடிமன். உள்ளே சுவர், கூரை எங்கும் பஞ்சால் ஆன கூர்முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. பெட்டியை நடுவில் வைத்து, எதிரே ஒலிவாங்கியை நிறுத்தினார்கள். அந்த அறைக்குள் நின்றபோது பி-ஷியாவுக்குத் தன் எச்சில் இறங்குவது கேட்டது. அடுத்த நொடி சில்வண்டு ஆயிரம் சில்வண்டாகக் கிளம்பியது. வெளியே வந்தபோதுதான் மூச்சு விட்டாள்.

கண்ணாடி ஜன்னலுக்கு இப்பால் நால்வரும் உட்கார்ந்தார்கள். பெட்டிக்கு முழு வேலை கொடுத்துவிட்டு, ஹாக்கே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மொத்தம் ஒரு மணி நேரம்.

இருபத்தி இரண்டரை. பத்து நிமிடம் கழித்தும் இருபத்தி இரண்டரை. லாய் தொடையைத் தட்டிக்கொண்டார். இருபது நிமிடம், இருபத்தி இரண்டு புள்ளி எட்டு. யா-சுன் நகத்தை வாயிலிருந்து எடுத்தாள். முப்பத்து நான்காவது நிமிடத்தில் எண் இருபத்தி ஆறாயிற்று. பிறகு இருபத்தி ஒன்பது. திரையில் கோட்டின் வலது ஓரத்தில் ஊசிபோல ஒரு முனை எழுந்து நின்றது.

ஹாக்கே தலையில் மாட்டியிருந்த காதொலிப்பானைக் கழற்றி லாயிடம் நீட்டினார். லாய் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். "கீச்சு" என்றார். "அதே கீச்சு."

யா-சுன் அவரிடமிருந்து வாங்கி ஒரு நொடிகூட வைக்கவில்லை. எழுந்து அறைக்குள் ஓடினாள். பின்னாலேயே லாய், ஹாக்கே. கடைசியாக பி-ஷியா. நடந்தாளா மிதந்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

யா-சுன் பெட்டியின் பின்பக்கம் கையை விட்டு எதையோ செய்துகொண்டிருந்தாள். லாய் பி-ஷியாவைப் பார்த்தார். "அ-ஷியா, எங்கிருந்து வருது? சொல்லு."

மூன்று பேரும் அவளுக்கு வழி விட்டார்கள். குனிந்தாள். கதவில் காதை வைத்தாள். ஆயிரம் சில்வண்டு. எது உள்ளே, எது வெளியே? எல்லாரும் காத்திருந்தார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"முன் விசிறி" என்றாள். "அச்சுல தேய்மானம்."

யா-சுன் மெதுவாக நிமிர்ந்தாள். அவள் விரல்களுக்கிடையில் முன் விசிறியின் வயர் தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, முன் விசிறி ஓடலையே. நான்தான் இப்ப பிடுங்கினேன்."

பி-ஷியாவின் முகத்தில் ரத்தம் ஏறியது. நிமிரப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை அடிப்பக்க விளிம்பில் பட்டது. சுட்டது. சுடக் கூடாத இடம் அது. அந்தச் சூட்டில்தான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. வண்டி குழிகளில் குதித்தது. மூலையில் வைத்த பொட்டலம். மின்பெட்டிக்கும் தடுப்புத் தகட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி.

யா-சுன்னும் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டாள். அவளுக்கு வேறு மாதிரி விளங்கியது.

"மின்பெட்டி விசிறி ஓடுது, முதலாளி" என்றாள். குரல் உடைந்திருந்தது. "ஓடவே கூடாது. காத்து பத்தல. என் பிளவு சின்னதா போச்சு. அடித்தகட்டை மூடியிருக்கக் கூடாது. என் கணக்குதான் தப்பு."

லாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "எட்டு மாசம். எட்டு மாசமா என்ன கணக்கும்மா போட்ட? இனி தகடு வெட்டற அச்சை மாத்தணும்னா ஆறு வாரம். அந்த மனுஷன் ஆறு நிமிஷம் குடுப்பானா?"

யா-சுன் ஹாக்கேயிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, விரல்களை விரித்துக் காட்டினார். பத்து நிமிடம். மூவரும் வரைபடத்தைப் பார்க்க வெளியறைக்குப் போனார்கள்.

"நான் வயரை மாட்டி வைக்கிறேன்" என்றாள் பி-ஷியா. யாருக்கும் அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

தனியாக நின்றாள். பெட்டியை நிறுத்திக் கதவைக் கழற்றினாள். கீழறைக்குள் கையை விட்டாள். பொட்டலம் மின்பெட்டி விசிறியின்மேல் பாய் விரித்துப் படுத்ததுபோலக் கிடந்தது. சூட்டில் உள்ளிருந்த காற்று விரிந்து, தடுப்புத் தகட்டின் பிளவுகளை அடைத்துக்கொண்டு உப்பியிருந்தது. இழுத்ததும் காகிதம் சரசரத்தது. அந்த அறையில் அது இடி இடித்த மாதிரி இருந்தது. ஜன்னலைப் பார்த்தாள். மூன்று தலைகளும் குனிந்திருந்தன. பொட்டலத்தைச் சட்டைக்குள் விட்டு, மேலே அங்கியின் ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றினாள். முன் விசிறியின் வயரை மாட்டினாள். கதவைப் பூட்டினாள். வயிற்றில் சூடாக ஏதோ உயிருள்ளது ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

வெளியே வந்து, "இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க. ஆறியிருக்கு" என்றாள்.

லாய்க்கு நம்பிக்கை இல்லை. ஆனால் வாடகை நேரம் மிச்சமிருந்தது. ஹாக்கேயும் தோளைக் குலுக்கிச் சம்மதித்தார். ஓட்டினார்கள். பி-ஷியா அசையாமல் உட்கார்ந்தாள். மூச்சை இழுத்தால் பொட்டலம் சரசரக்கும் என்று அரை மூச்சுதான் விட்டாள். பத்து. இருபது. முப்பத்து நான்கு. நாற்பது. இருபத்தி இரண்டு புள்ளி ஏழு. ஒரு மணி நேரம் முடிந்தபோதும் அதே எண்.

லாய் எழுந்து நின்றார். பி-ஷியாவின் மடியில் இருந்த கனம் ஒரு நொடி இறங்கியது. முடிந்தது என்று நினைத்தாள்.

ஹாக்கே பேனாவைத் திறக்கவில்லை. யா-சுன்னிடம் நிதானமாகக் கேட்டார். யா-சுன் திரும்பினாள்.

"என்ன மாத்தினீங்கன்னு கேக்கறாரு."

"ஒண்ணும் மாத்தலன்னு சொல்லு" என்றார் லாய்.

"சொன்னேன். ஒண்ணும் மாத்தாம கெட்டதும் சரியானதும் அவருக்கு வேண்டாமாம். காரணத்தை எழுதினாத்தான் கையெழுத்துப் போடுவாராம். ஒரு தடவை இருபத்தொன்பது போனதை அவரால மறைக்க முடியாது. காரணம் தெரியலன்னா கீழறை வடிவமைப்புல குறைன்னுதான் எழுதணுமாம்."

"வயர் ஏதாவது பட்டிருக்கும்" என்றார் லாய். "உன் வயர் வழிதான் யா-சுன். எத்தனை தடவை சொன்னேன், கீழ நெருக்கம்னு. அப்படியே எழுதச் சொல்லு."

"எழுதுங்க" என்றாள் யா-சுன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "என் வரைபடம்தானே. நான் கையெழுத்துப் போடறேன்."

பி-ஷியா அவளையே பார்த்தாள். பேசாமல் இருந்தால் போதும். வயர் பட்டது என்று ஒரு வரி. ஆர்டர் கிடைத்துவிடும். கட்டத்தில் தன் கையெழுத்து நிற்கும். இந்தப் பெண் மட்டும் இனி போடும் ஒவ்வொரு கோட்டையும் மூன்று தடவை அழிப்பாள். அடித்தகட்டில் ஓட்டை போடுவாள், மற்றவர்களைப் போலவே.

அங்கியின் ஜிப்பை இறக்கினாள். பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒரு பக்கம் கருகின மாதிரிச் சுருங்கியிருந்தது.

"நான்தான் கீழறையில வெச்சேன்" என்றாள். "காலையில. மேல வெக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தாங்க, அதான் உள்ள. வண்டியில உருண்டு விசிறிமேல போயிருக்கு. இவ கணக்குல ஒரு தப்பும் இல்ல."

லாய் பொட்டலத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி பொட்டலத்தைப் பார்த்தார்.

"இருபத்தி ரெண்டு வருஷத்துல நீ உள்ள வெச்சதே இல்லையே. இன்னிக்கு என்ன வந்துது?"

அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒன்றைச் சொன்ன பிறகு மற்றது தொண்டையில் நிற்கவில்லை.

"எனக்குக் கேக்கல முதலாளி. அந்தக் கீச்சு கேக்கல. போன ரெண்டு பெட்டியிலயும் கேக்கல. முன் விசிறின்னு சும்மா சொன்னேன்."

ஹாக்கே யா-சுன்னிடம் என்ன என்று கேட்டார். யா-சுன் பொட்டலத்தைக் காட்டி நிறையப் பேசினாள். விசிறியைக் காட்டினாள், கன்னங்களை உப்பிக் காட்டினாள். அவர் சிரிக்கவில்லை. பொட்டலத்தைக் கையில் எடுத்து எடை பார்த்தார், படம் எடுத்தார், அளவுகோலை வைத்து அகலத்தை அளந்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"என்ன?" என்றார் லாய் பதறிப்போய்.

"இது எல்லாப் பெட்டியோடயும் வருமா, இல்ல இதுல மட்டும்தானான்னு கேக்கறாரு."

பேனா திறந்தது. காரணம் என்ற இடத்தில் அவர் ஐந்து வரி எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

"அ-ஷியா கடைசியா சொன்னதையும் சொல்லிட்டியா?" என்று லாய் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மன்னிப்புக் கேட்டாங்கன்னு சொன்னேன்" என்றாள் யா-சுன்.

திரும்பும் வழியில் மேட்டிலிருந்து இறங்கும் வரை லாய் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினார். ஆர்டர் கிடைத்த மனிதர் மாதிரியே இல்லை. பி-ஷியா பின்னிருக்கையில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது சொல்லுவார், அடுத்த விளக்கில் சொல்லுவார் என்று ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அவர் பின்தலையைப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து?" என்றார் கடைசியில்.

"ஒன்றரை வருஷம் இருக்கும்."

"ஆறு வாரமா ரப்பர்காரனைத் திட்டிட்டிருக்கேன். உன் ரப்பரை உன் பாட்டிக்குப் போட்டுவிடுன்னு சொன்னேன். நாளைக்கு அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"நான் வந்து சொல்றேன் முதலாளி."

"நீ ஒண்ணும் வர வேணாம். ஆஸ்பத்திரிக்குப் போ." கொஞ்ச தூரம் போனதும், "எனக்கும் இடது காது அடைச்சுத்தான் இருக்கு. பொண்டாட்டி கத்தறது கேக்காம இருக்கறது வசதின்னு விட்டுட்டேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. "உனக்கு அது வசதிப்படாது. உன் வேலை அப்படி."

வேலை இருக்கிறதா இல்லையா என்று அவர் சொல்லவில்லை. கேட்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்டபோதெல்லாம் பொத்தானை அழுத்தினாள். அழுத்த வேண்டிய பல இடங்களில் அழுத்தவில்லை என்பது டாக்டரின் முகத்திலேயே தெரிந்தது. திங்கட்கிழமை பட்டறைக்கு வந்தபோது மேசைமேல் புதுத் தாள் இருந்தது. 'ஒலி சரி' என்ற கட்டத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்திருந்தார்கள். இடப்பக்கம் 'உள்வேலை' என்று எழுதி அவள் பெயர். வலப்பக்கம் 'ஒலி', யா-சுன் பெயர். எழுதியது முதலாளியம்மா. பி-ஷியா அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தாள். அடிக்கோல் வைத்து இழுத்த, நேரான கோடு. கண்ணில் தண்ணீர் வந்துவிடுமோ என்று பயந்து பசை டப்பாவைத் திறந்தாள்.

பத்து மணிக்கு அடுத்த பெட்டி தயாரானது. ஓடவிட்டாள். கதவின்மேல் விரல்களை வைத்துப் பார்த்தாள். நடுக்கம் இல்லை. அதற்கு மேல் அவளால் சொல்ல முடியாது.

யா-சுன் வந்தாள். முடியை ஒதுக்கிக்கொண்டு குனிந்து, பழக்கமில்லாதவள்போலக் கன்னத்தையும் சேர்த்துக் கதவில் ஒட்டினாள்.

"கன்னத்தை எடு. சதை சத்தத்தைத் தின்னுடும்" என்றாள் பி-ஷியா. "இருக்கா?"

"பேசாதீங்கக்கா."

பி-ஷியா வாயை மூடிக்கொண்டாள். யா-சுன் கண்ணை மூடியிருந்தாள். புருவம் லேசாகச் சுருங்கியது. சுருங்கினால் என்ன அர்த்தம்? நின்றது. மறுபடி சுருங்கியது. இருபத்திரண்டு வருடம் தானே இப்படி நின்றபோது சுற்றியிருந்தவர்கள் எப்படித் தவித்திருப்பார்கள் என்று அவளுக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. பெட்டியின் தலையில் இருந்த பச்சைப் பொட்டலத்தைச் சத்தம் வராமல் எடுத்து, பக்கத்து மேசையில் வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.